ஒன்றரை லட்சத்துக்கு கார் ஓகே... ஆர்.சி-யில் இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?

'சிங்கிள் ஓனர். டாக்டர் ஓட்டின வண்டி. ஏ.சி சில்லுனு இருக்கும். ஒரு ரூபாய் செலவு இல்ல, எடுத்து ஓட்ட வேண்டியதுதான்.' ராத்திரி தூக்கம் வராமல் பழைய கார் விளம்பரங்களை ஸ்க்ரோல் பண்ணும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த வரிகள் மனப்பாடமே ஆகியிருக்கும். தமிழ்நாட்டு டாக்டர்கள் வைத்தியம் பார்த்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் ஆல்ட்டோவும் சான்ட்ரோவும் வாங்கி வாங்கி விற்றிருக்கிறார்கள் போலிருக்கிறது!

கிண்டல் இருக்கட்டும். அந்த ஸ்க்ரோலிங்குக்குப் பின்னால் இருக்கும் தேவை நிஜம். கைக்குழந்தையோடு மழையில் பைக்கில் போக முடியாது. முட்டி வலிக்கிற அம்மாவை டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது. கையில் ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கிறது. புது கார் என்றால் இ.எம்.ஐ பயம். அப்போது கண்ணில் படுவது 2010, 2011, 2012 மாடல் ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10. எல்லாம் ஒன்று முதல் இரண்டு லட்சத்துக்குள்.

விளம்பரத்தில் விலை இருக்கும், கிலோமீட்டர் இருக்கும், கலர்கூட இருக்கும். ஒன்று மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆர்.சி எந்தத் தேதியோடு முடிகிறது என்ற தகவல். கடந்த சில வருடங்களில் வந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு பழைய காரின் உண்மையான விலையை இன்று தீர்மானிப்பது அந்தத் தேதிதான்.

15-ல் ஒரு கோடு, 20-ல் இன்னொரு கோடு

சொந்த உபயோக காருக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதற்குப் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, தகுதி இருக்கிறது என்று ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் இன்னும் 5 வருடம். அது முடிந்தால் மறுபடியும் 5 வருடம். நம்ம ஊர் பாஷையில் 'எஃப்.சி காட்டுறது'. இந்த நடைமுறை பல வருடமாக இருப்பதுதான். மாறியது கட்டணம்.

2022 ஏப்ரல் 1 வரை இந்தப் புதுப்பித்தலுக்குக் கட்டணம் 600 ரூபாய். அன்றிலிருந்து 5,000 ரூபாய். பதிவு முடிந்தும் புதுப்பிக்காமல் விட்டால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தனி. 2025 ஆகஸ்ட்டில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இன்னொரு அறிவிக்கை வெளியிட்டது. 20 வயதைத் தாண்டிய கார் என்றால் 10,000 ரூபாய். இதோடு தமிழ்நாட்டில் பசுமை வரி தனியாக உண்டு. ஆய்வுக்குப் போகும் முன் டிங்கரிங், பெயின்டிங், லைட், டயர் என்று வண்டியைத் தயார் பண்ணும் செலவும் உங்கள் தலையில்தான்.

இப்போது அந்த 2011 மாடல் விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள். 2011-ல் பதிவான கார் 2026-ல் 15-ஐத் தொடுகிறது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். "வேற பெரிய வண்டி எடுக்குறோம், அதான் கொடுக்குறோம்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், எஃப்.சி செலவுக்கு முன்னால் கைமாற்றிவிடலாம் என்ற கணக்கும் அதில் ஒளிந்திருக்கலாம். அதனால் ஒரே மாடலில் இரண்டு கார் இருந்து, ஒன்றுக்கு ஆறு மாதத்தில் பதிவு முடிகிறது, இன்னொன்று போன வருடம்தான் புதுப்பிக்கப்பட்டது என்றால், 20,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் எனக்கு இரண்டாவதுதான் லாபமாகத் தெரிகிறது. ஆய்வில் தேறுமா தேறாதா என்ற கேள்விக்கு அந்த வண்டி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

இந்தக் கட்டணத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. 20 வயதான ஆல்ட்டோவுக்கும் 20 வயதான ஸ்கார்ப்பியோவுக்கும் ஒரே 10,000 ரூபாய். இரண்டுமே 'இலகுரக மோட்டார் வாகனம்' என்ற ஒரே வரிசையில் வருகின்றன. சந்தையில் 60,000 ரூபாய்கூடப் போகாத ஒரு காருக்கு அதன் விலையில் ஆறில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டால், யாரை அந்தக் காரை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது இல்லையா?

டெல்லியில் நடந்தது, இங்கே ஏன் முக்கியம்?

'15 வருஷம் ஆன வண்டியை இனி ஓட்டவே முடியாதாமே' என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு கட்டாயம் வந்திருக்கும். அது டெல்லிக் கதை. தேசியத் தலைநகர் பகுதியில் 10 வருடத்துக்கு மேலான டீசல், 15 வருடத்துக்கு மேலான பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இந்த வண்டிகளுக்கு பங்க்கில் பெட்ரோலே ஊற்றக் கூடாது என்று கேமரா வைத்துத் தடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்து, சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அதையே திருத்தி, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்-4 மற்றும் அதற்குப் பின் வந்த வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. எஃப்.சி-யில் தேறினால் ஓட்டலாம். ஆனால் அந்த டிசம்பர் உத்தரவை நீங்கள் கவனிக்க வேண்டும். விவாதம் மெதுவாக 'எத்தனை வயசு' என்பதிலிருந்து 'எந்த பி.எஸ்' என்பதற்கு நகர்கிறது. சரியான திசைதான். பத்து வருடத்தில் 40,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி, ஆயில் தவறாமல் மாற்றப்பட்ட காரையும், ஐந்தே வருடத்தில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் அடித்து நொறுக்கப்பட்ட காரையும் பிறந்த தேதியை மட்டும் வைத்து எடை போடுவதில் என்ன நியாயம்? அதே நேரம், நன்றாகப் பராமரித்தால் பழைய காரும் புது கார் அளவுக்குச் சுத்தமாக இருக்கும் என்பதும் பொய். பழைய விதிப்படி கட்டிய இன்ஜின், எவ்வளவு துடைத்தாலும் பழைய விதி அளவுக்குத்தான் புகை விடும்.

இதில் நம்ம ஊருக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. பி.எஸ்-4 விதி சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே, 2011-ல் சென்னையில் பதிவான காரும், அதே வருடம் பி.எஸ்-4 இன்னும் போய்ச் சேராத ஒரு தென்மாவட்ட ஊரில் பதிவான காரும், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று பி.எஸ்-4, இன்னொன்று பி.எஸ்-3 ஆக இருக்கலாம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைத் தட்டினால் இது தெரிந்துவிடும். நாளைக்கு இங்கேயும் ஏதாவது விதி வந்தால், முதலில் மாட்டுவது பி.எஸ்-3 தான்.

டெல்லி நம்பர் பிளேட்டோடு மலிவாக ஒரு கார் வருகிறதா? என்.ஓ.சி வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்டிய பிறகு அந்த மலிவு மிஞ்சுகிறதா என்று பேப்பரில் எழுதிப் பாருங்கள். சின்ன காரில் பெரும்பாலும் மிஞ்சாது.

புது காரே விலை குறைஞ்சாச்சே!

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு பழைய கார் வாங்கும் எல்லாரும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. அன்றிலிருந்து சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி, செஸ்ஸோடு சேர்த்து 29% ஆக இருந்தது 18% ஆனது. ஆல்ட்டோ கே10-ன் ஆரம்ப ஷோரூம் விலை நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. புது கார் விலை குறைந்தால் பழைய காரும் குறைய வேண்டும்தானே? குறையும். ஆனால் விற்பவர் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். பேரம் பேசும்போது பழைய விலையையே 'மார்க்கெட் ரேட்' என்று சொன்னால், இந்தத் தேதியை ஞாபகப்படுத்துங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின்மீது 18% ஜி.எஸ்.டி உண்டு, அது சுற்றி வளைத்து உங்கள் விலையில்தான் வந்து உட்காரும். தனிநபர் தனிநபருக்கு விற்பதில் இந்த வரி கிடையாது.

சரி, கணக்குப் போடுவோம். புது சின்ன கார் ஆன்-ரோடு 4.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 முன்பணம், 4 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருடம். மாதத் தவணை சுமார் 6,435 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது கடனுக்கு மட்டும் 5.4 லட்சம் போயிருக்கும். பழைய கார் ஒன்றரை லட்சம், கையிலிருந்து ரொக்கம். இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கடன் பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு மேல் மாதம் 3,000 ரூபாய் பராமரிப்புக்கு ஒதுக்கினால் 7 வருடத்தில் 2.5 லட்சம். ஆக 4 லட்சம்.

பார்த்தால் பழசுதான் லாபம். ஆனால் 7 வருடம் கழித்து புது காருக்கு நல்ல மறுவிற்பனை விலை இருக்கும். பழசுக்கு இரும்பு விலை. அந்த மாதம் 3,000-ஐ நிஜமாகவே ஒதுக்குபவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை. மாதம் 400, 500 கிலோமீட்டருக்குள் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர், கடன் வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவர், டிரைவிங் பழகப் போகிறவர் ஆகியோருக்குப் பழைய கார் பொருந்தும். தினமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு ஹைவேயில் போய்வரப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அதற்குக் காரணம் பணம் இல்லை. குளோபல் என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் இந்திய சின்ன கார்களை முதன்முறையாக மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள் அவை. ஆல்ட்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ என அத்தனைக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் ஸ்டார். எல்லா கார்களிலும் ஏ.பி.எஸ் கட்டாயமானது 2019-ல். முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் என்பது அதற்கும் பிறகுதான். இன்றைய ஆல்ட்டோ கே10-ல் ஆறு ஏர்பேக் வருகிறது. நீங்கள் பார்க்கும் 2011 காரில், அடிப்படை மாடல் என்றால் ஒன்றுகூட இருக்காது. 'எங்க அப்பா அந்தக் காலத்துல மாருதி 800-லயே கொடைக்கானல் போனார்' என்பது சரிதான். அன்றைக்கு எதிரே வந்த வண்டிகளின் எடையும் வேகமும் வேறு. பழைய சின்ன கார் வாங்கினால் பின் சீட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லாரும் பெல்ட் போடுவது, ஹைவேயில் 80-ஐத் தாண்டாதது என்ற இரண்டையும் வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் பெல்ட்டைக் கவருக்கு அடியில் சொருகி வைத்திருந்தால், வாங்கிய அன்றே வெளியே எடுங்கள்.

காலையில் போங்க... இன்ஜின் சூடாகும் முன்னாடி

காரைப் பார்க்கப் போவதாக இருந்தால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். "வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க அண்ணா" என்று முன்பே போனில் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது. ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் என்று பெரிய செலவு காத்திருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக நுரை இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்படலாம். கூலன்ட் டப்பாவில் பச்சையோ சிவப்போ இல்லாமல் துருத் தண்ணீர் நின்றால், முந்தைய ஓனர் வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார். டாக்டரோ யாரோ!

அடுத்தது டைமிங் பெல்ட். பல பேர் கேட்காமல் விடும் கேள்வி இது. சான்ட்ரோ, பழைய ஆல்ட்டோ 800 சி.சி, 2010-க்கு முந்தைய வேகன் ஆர் ஆகியவற்றில் இன்ஜினுக்குள் இருப்பது ரப்பர் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும். பல இன்ஜின்களில் வால்வும் வளைந்து, தலையையே கழற்ற வேண்டிவரும். அதற்குப் பிறகு வந்த கே-சீரிஸ் இன்ஜின்களில் செயின். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துவிடுங்கள். "போன வருஷம்தான் மாத்துனோம் சார்" என்பது பில் ஆகாது.

பிறகு துரு. மெரினாவிலிருந்து பெசன்ட் நகர் வரை கடல் காற்றில் நின்ற கார்களுக்கு இது பெரிய வியாதி. மேட்டைத் தூக்கி தரையைப் பாருங்கள். கதவுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டை விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு சின்ன காந்தம் எடுத்துப்போய் பாடியில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். இன்ஜினை இறக்கி ஏற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். அடிப்பகுதி அரித்துப்போன காரை யாராலும் காப்பாற்ற முடியாது. ஓட்டை விழுந்திருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்பதைப் பார்த்தவர்கள் நாம். அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு சந்தைக்குத் திரும்பின. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருந்தால், அது வாஷிங்கில் போகாத சாட்சி. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண் படிவு, ஏ.சி போடாமலே வரும் ஈர வாசனை இதெல்லாம் அதே கதையைத்தான் சொல்லும்.

டயரில் பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது. அதிகம் ஓடாத காரில் டயர் தேயாது. காய்ந்து வெடிப்பு விடும்.

என் நண்பர் ஒருவர் 95,000 ரூபாய்க்கு ஒரு சான்ட்ரோ வாங்கினார். அதிர்ஷ்டசாலி, நல்ல வண்டிதான். முதல் ஆறு மாதத்தில் நான்கு டயர் 13,000, ஏ.சி கூலிங் காயில் 9,000, கிளட்ச் 8,000, டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் 6,000, பேட்டரி 4,000. கூட்டினால் 40,000. நல்ல வண்டிக்கே இப்படி. அவர் ஏற்கெனவே பணத்தை எடுத்து வைத்திருந்ததால் பதறவில்லை. கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் கார் தேடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மீதி 40,000 முதல் வருடத்துக்கு.

விலை ரொம்பக் குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனியே ஊரைக் காலி பண்ணியிருக்கும். செவ்ரோலே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் கார் கட்டிய ஃபோர்டு, 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரகடத்தில் உருவான டட்சனும் 2022-ல் முடிந்தது. பீட், ஃபிகோ எல்லாம் ஓட்ட அருமையான கார்கள். ஆனால் ஒரு சென்சாருக்காக மூன்று வாரம் காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும். முதல் கார் வாங்குபவருக்கு மாருதியும் ஹூண்டாயும் போரடிக்கும் பதில்தான். ஆனாலும் அதுதான் பதில்.

இ20: பயமும் நிஜமும்

இப்போது பங்க்கில் நீங்கள் போடும் பெட்ரோலில் 20% வரை எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் பாகங்கள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தையவை, குறிப்பாக நாம் பேசும் 2010 சுற்றுவட்டார கார்கள், இதற்காகப் பிறந்தவை அல்ல. இன்ஜின் மறுநாளே வெடித்துவிடும் என்பதுபோல் யூடியூபில் சிலர் பேசுகிறார்கள். ஒன்றுமே ஆகாது என்று அரசு ஆதரவாளர்கள் பேசுகிறார்கள். உண்மை நடுவில் இருக்கிறது. அது உங்கள் பர்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும்.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே மைலேஜ் குறையும். இ20-க்குத் தயாராகாத கார்களில் 3 முதல் 6% வரை குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் சொன்னது. மாதம் 500 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால், 6% குறைவு என்பது மாதம் 200 ரூபாய்க்கு மேல். தாங்க முடியாத தொகை இல்லை. ஆனால் எத்தனால் கலந்ததற்காக பெட்ரோல் விலை குறையவில்லையே என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி!

பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும்தான் பாகங்களில் பலவீனமான இடம். சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு இவற்றில் சிலதை மாற்ற வேண்டிவரலாம் என்பதையும் அதே அமைச்சகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கார் அருகே பெட்ரோல் வாசனை வந்தால் 'பழைய வண்டி அப்படித்தான்' என்று விடாதீர்கள். பெட்ரோல் குழாயில் வெடிப்பு என்பது தீப்பிடிக்கும் விஷயம். அன்றே மெக்கானிக்கிடம் போங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் காரை மாதக்கணக்கில் அரை டேங்க்கோடு மூடிப்போட்டு வைப்பதும் நல்லதல்ல. வாரம் ஒருமுறையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பேட்டரிக்கும் அது நல்லது.

மெக்கானிக், புதுப்பேட்டை, இன்ஷூரன்ஸ்

காரைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். பழைய காருக்கு அவர் குடும்ப டாக்டர் மாதிரி. பேரம் முடியும் முன் அவரைக் கூட்டிப்போய்க் காட்டி, அதற்கு 1,000 ரூபாய் கொடுத்தால் வீண் இல்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுப்பவராக, 'இது இப்போ வேண்டாம், தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. சைடு மிரர், கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், பம்பர், சீட் எல்லாம் அங்கே பழசாக வாங்கலாம், தாராளமாகப் பேரம் பேசலாம். பிரேக், சஸ்பென்ஷன், பெல்ட், பெட்ரோல் குழாய், டயர் இவற்றில் மட்டும் பழைய பாகத்தைத் தொடாதீர்கள். 400 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. ஸ்பேர் பாகங்களுக்கான ஜி.எஸ்.டி-யும் செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில் போட்டு வாங்கும்போது பாருங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு சின்ன நுணுக்கம். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022-ல் நிர்ணயித்த அடிப்படைக் கட்டணம், 1,000 சி.சி-க்குள் 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சி.சி வரை 3,416 ரூபாய். வரி தனி. 998 சி.சி வேகன் ஆர் முதல் வகை. 1,086 சி.சி சான்ட்ரோவும் ஐ10-ம் இரண்டாவது வகை. வருடா வருடம் இந்த வித்தியாசம் தொடரும். விற்பவருடைய 'நோ கிளெய்ம் போனஸ்' அவரோடு போய்விடும், காரோடு வராது.

பெயர் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இதை வாங்குபவரைவிட விற்பவருக்குத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். விபத்து நடந்து நஷ்டஈடு வழக்கு வந்தால், ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் ஓனர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தும், பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளர்மீதே பொறுப்பு விழுந்தது. வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய கடன் பாக்கி இருக்கிறதா, இ-சலான் நிலுவை இருக்கிறதா என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆன்லைனில் பார்த்துவிடலாம்.

பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அதற்கு ஒரு மாதம் முன்னால் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் செலவு பண்ணலாமாண்ணே?" இன்ஜின் போனாலும் அவர் 'பண்ணலாம்' என்று சொல்லக்கூடும். அடிப்பாகம் போயிருந்தால் தலையை ஆட்டிவிடுவார். அப்போது பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத் தள்ளிவிட்டு வராதீர்கள். ஆர்.சி ரத்தாகாமல் அந்த நம்பர் உங்கள் பெயரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை வேறொரு வண்டியில் யாராவது மாட்டினால் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து உங்களுக்குத்தான் போன் வரும். அரசுப் பதிவு பெற்ற ஸ்க்ராப்பிங் மையத்தில் கொடுத்தால், 2021 கொள்கைப்படி, அதே ரகப் புது காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6% வரை கிடைக்கலாம். 4 லட்ச ரூபாய் கார் என்றால் 16,000-லிருந்து 24,000 ரூபாய். இரும்புக் கடைக்காரர் அதைவிடக் கூடுதலாகச் சொல்லக்கூடும். ஆனால் மையத்தில் தரும் டெபாசிட் சான்றிதழை அவரால் தர முடியாது. ஆர்.சி-யை ரத்து செய்யவும், அடுத்து வாங்கும் புது காரின் வரியில் சலுகை கேட்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும்.